ஒரு மூட்டை சிமென்ட், ஒரு நாள் கூலி: கட்டுமான முதலீட்டின் பயன் எங்கே இருக்கிறது?

ஊரில் ஒரு பாலத்துக்கு அடிக்கல் நாட்டினால் மறுநாள் செய்தித்தாளில் இரண்டு எண்கள் வரும். எத்தனை கோடி செலவு, எத்தனை பேருக்கு வேலை. அதே நாளில் டீக்கடை பெஞ்சில் வேறொரு பேச்சு நடக்கும். ஊரே கான்கிரீட் ஆகிவிட்டது, ஏரி போய்விட்டது, ஆற்றில் மணல் இல்லை, இன்னும் எதைக் கட்டப்போகிறார்கள் என்று ஒருவர் கேட்பார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே பாதிக் கணக்கு. முதலாமவர் செலவழித்த தொகையையே பயன் என்று எண்ணிக்கொள்கிறார். இரண்டாமவர் கட்டியதால் வந்த கேட்டை மட்டும் பார்க்கிறார். கட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவர் கணக்கில் வருவதில்லை.

முழுக் கணக்கு அப்படியொன்றும் கடினமானதல்ல. வீட்டு வரவு செலவு எழுதத் தெரிந்த எவருக்கும் புரியும். ஒரு தெருவில் கட்டப்படும் ஒரு சாதாரண வீட்டிலிருந்து தொடங்கலாம்.

சனிக்கிழமை மாலை

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார் என்பார்கள். அது பணம் கொடுப்பவரின் பக்கமிருந்து சொன்ன சொல். அவர் கையைவிட்டுப் போன பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டுமானால், சனிக்கிழமை மாலை வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அன்றுதான் வாரக் கூலி. மேஸ்திரி ஒரு சின்ன நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்டரிங் வேலைக்காரர் என்று ஒவ்வொருவருக்காகக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்.

அந்தப் பணம் அன்றிரவே நகரத் தொடங்கிவிடும். சித்தாள் வேலை பார்க்கும் பெண் மளிகைக் கடை பாக்கியை அடைப்பார். கொத்தனார் பிள்ளைக்குப் பள்ளிச் செருப்பு வாங்குவார். மளிகைக் கடைக்காரருக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி திங்கட்கிழமை காய்கறி மண்டிக்குப் போகும். மண்டியிலிருந்து விவசாயிக்கு, விவசாயியிடமிருந்து உழவு டிராக்டர்காரருக்கு. வீட்டுக்காரர் கொடுத்தது ஒரு முறைதான். ஊருக்குள் அது பல முறை வருமானமாகிறது.

இதற்குப் பொருளியலில் 'பெருக்கி' என்று பெயர். முதலில் செலவழித்த ஒரு ரூபாய், கைமாறிக் கைமாறி மொத்தம் எத்தனை ரூபாய் வருமானத்தை உருவாக்குகிறது என்று சொல்லும் எண் அது. 1930களில் உலகெங்கும் வேலையின்மை தலைவிரித்தாடியபோது, அரசு சாலை போட்டால் அந்த வேலையால் வேறு எத்தனை வேலைகள் பிறக்கும் என்ற கேள்விக்கு ரிச்சர்ட் கான் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1931இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அவருடைய ஆசிரியர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1936இல் அதைத் தன் கோட்பாட்டின் நடுவில் வைத்தார். கட்டுமானத்தைப் பற்றி இன்று பேசப்படும் பெரிய எண்கள் எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கணக்குதான்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். கையில் வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 60 ரூபாயை எல்லாரும் உள்ளூரிலேயே செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 100, அடுத்ததில் 60, அதற்கடுத்து 36, பிறகு 21 ரூபாய் 60 காசு. இப்படித் தேய்ந்துகொண்டே போகும். எல்லாச் சுற்றுகளையும் கூட்டினால் 250 வரும். அதாவது பெருக்கி 2.5. உள்ளூரில் செலவாவது 60க்குப் பதில் 30 ரூபாய்தான் என்றால் கூட்டுத்தொகை 143 ரூபாய்க்குள் அடங்கிவிடும். செலவழித்த தொகை ஒன்றுதான். பணம் ஊருக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

பானையில் ஓட்டை

தங்காமல் போகும் பணத்துக்குக் 'கசிவு' என்று பெயர். ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர் போல, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெளியேறுகிறது. சேமிப்பாகப் போவது ஒன்று. வரியாகப் போவது இன்னொன்று. சிமென்ட்டுக்கு 2025 செப்டம்பர் வரை 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி இப்போது 18 சதவீதம். வெளியூரில் செய்த பொருளுக்கும் வெளிநாட்டு இயந்திரத்துக்கும் கொடுப்பது மூன்றாவது.

ஒரே தொகையில் இரண்டு கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் செங்கல் பக்கத்துச் சூளையிலிருந்து வருகிறது, கதவு ஜன்னலை உள்ளூர் ஆசாரி செய்கிறார், கொத்தனார்கள் அதே வட்டாரத்துக்காரர்கள். இன்னொன்றில் முகப்பு முழுக்க இறக்குமதிக் கண்ணாடி, தரையில் இத்தாலிய மார்பிள், உள்ளே வெளிநாட்டு லிஃப்ட். அடிக்கல் விழாவில் இரண்டுக்கும் ஒரே கோடிக் கணக்கைத்தான் சொல்வார்கள். ஊருக்குள் சுழலும் பணமோ முதலாவதில் பல மடங்கு. கட்டுமானம் மற்ற துறைகளைவிட அதிக வேலை தருகிறது என்று பொதுவாகச் சொல்வதற்கு அடிப்படையும் இதுதான். செங்கல், ஜல்லி, மணல் எல்லாம் கனமான, விலை குறைந்த பொருள்கள். லாரி வாடகை கட்டுபடியாகாது என்பதால் அவற்றைத் தொலைவிலிருந்து கொண்டுவர மாட்டார்கள். கூலி வேலையையும் அந்த இடத்திலேயே செய்தாக வேண்டும். ஆகவே பணமும் அருகிலேயே நிற்கிறது.

வேலைக்கு வருபவர் வெளிமாநிலத்தவராக இருந்தால்? சென்னையிலும் கோவையிலும் இன்று பெரிய கட்டடங்களில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள்தான் அதிகம். அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் நம் வட்டாரக் கணக்கில் கசிவு. அவர்களுடைய கிராமத்துக் கணக்கில் அதுவே முதல் சுற்று. இதைக் குறையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊரிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் கட்டட வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனை வீடுகள் எழுந்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

கொத்தனார் சும்மா இருந்தால்தான்

பெருக்கியைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடுகிற ஒரு நிபந்தனை உண்டு. வேலையில்லாமல் ஆட்களும், ஓடாமல் லாரிகளும் இருக்கும்போதுதான் புதிய செலவு புதிய வருமானத்தை உருவாக்கும். ஊரிலுள்ள கொத்தனார்கள் எல்லாரும் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்கள் என்றால், புதிதாக ஒரு பெரிய கட்டடம் வரும்போது என்ன நடக்கும்? கூலியும் சிமென்ட் விலையும் ஏறும். பக்கத்துத் தெருவில் பாதி கட்டிய வீடு ஆளில்லாமல் நிற்கும். ஓரிடத்து வேலை இன்னோரிடத்துக்கு மாறியதைப் புது வேலை என்று எண்ணக் கூடாது.

இதனால்தான் வறட்சி ஆண்டிலோ தொழில் மந்தத்திலோ செய்யும் பொதுக் கட்டுமானத்துக்கு மதிப்பு கூடுதல். நம் முன்னோர்கள் கோடையில், வயலில் வேலையில்லாத மாதங்களில், ஏரி வெட்டியதும் கரை உயர்த்தியதும் இந்தக் கணக்கோடு அழகாகப் பொருந்துகிறது.

இதுவரை பார்த்தது கட்டும் காலத்துப் பயன். கட்டுமானச் செலவு கைமாறிப் பெருகுகிறது. எவ்வளவு பெருகும் என்பது கசிவைப் பொறுத்தது. ஆளும் பொருளும் சும்மா இருக்கும் காலத்தில்தான் அது முழுதாகப் பெருகும்.

கூலி நின்ற பிறகு

கட்டும் காலத்துப் பயன் கட்டி முடித்த அன்றோடு நின்றுவிடும். குழி தோண்டி அதையே மூடினாலும் கூலி கொடுத்தவரை அந்தப் பயன் கிடைத்துவிடுமே! அப்படியானால் பள்ளிக்கூடத்துக்கும் அந்தக் குழிக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? பயன்படும் காலத்தில்தான். என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிக எடை. பொதுப் பேச்சில் மிகக் குறைவாக அடிபடுவதும் இதுதான்.

முல்லைப் பெரியாறு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பும் திட்டம் வேகம் பெற்றது. 1887இல் பணி தொடங்கியது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில், சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையால் அணை எழுந்தது. (சுட்ட செங்கல்லை இடித்த தூளுக்குச் சுர்க்கி என்று பெயர்.) 1895இல் தண்ணீர் திறந்தார்கள். அடர்ந்த காட்டில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் பலியானார்கள். அந்த உயிர்களையும் செலவுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

கட்டும் காலத்துப் பயன் எட்டு ஆண்டுகளில் முடிந்துவிட்டது. அந்தக் கூலியை வாங்கியவர்கள் இன்று யாருமில்லை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைவதும், தேனியிலும் மதுரையிலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் 130 ஆண்டுகளாக அந்த ஒரே முதலீட்டின் வருமானம். நெல் ஆலை, வாழை வியாபாரம், மாட்டுத் தீவனக் கடை என்று அந்த நீரை நம்பி எத்தனையோ தொழில்கள் முளைத்தன. கம்பத்து வீடுகளில் இன்றும் பென்னிகுயிக் படம் தொங்குகிறது. மக்கள் பொங்கல் வைத்து நன்றி சொல்வது அவர் கொடுத்த கூலிக்காக அல்லவே!

அதே அணை ஒரு மலைக்காட்டுப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடித்தது என்பதும் உண்மை. சுற்றுச்சூழல் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சிமென்ட் ஒரு கடன்

சுற்றுச்சூழல் பக்கம் வரும்போது பலரும் நினைப்பது, கட்டடம் மரங்களை வெட்டுவதால் மட்டும்தான் கேடு என்று. பெரிய கேடு சிமென்ட் மூட்டைக்குள்ளேயே இருக்கிறது.

சிமென்ட்டின் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அரியலூர் வட்டாரத்தில் பூமியைத் தோண்டினால் கிடைக்கும். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. அந்தக் கல்லில் கடலுயிர்களின் புதைபடிவங்களை இன்றும் பார்க்கலாம். இந்தக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சூளையில் ஏறக்குறைய 1450 டிகிரி வரை சூடாக்குவார்கள். கிடைக்கும் கருஞ்சாம்பல் நிறக் கட்டிகளுக்குக் 'கிளிங்கர்' என்று பெயர். அதைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு சேர்த்து அரைத்தால் சிமென்ட். சூடாக்கும்போது கல் உடைந்து கரியமில வாயுவைக் கக்குகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். இது எரிபொருளின் புகையல்ல, கல்லுக்குள்ளேயே இருந்தது. சூளையைச் சூரிய மின்சாரத்தால் எரித்தாலும் இது வெளியே வந்தே தீரும். எரிபொருளின் புகை இதற்கு மேல் தனி. உலகில் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கட்டடம் எழுந்து முடிவதற்குள் இப்படி வெளியாகிவிட்ட கரியமில வாயுவின் மொத்த அளவை 'உட்பொதிந்த கரிமம்' என்பார்கள். சிமென்ட்டோடு கம்பி, செங்கல், லாரி டீசல் எல்லாம் இதில் சேரும். பிறகு அந்தக் கட்டடத்தில் விளக்குக்கும் விசிறிக்கும் ஏசிக்கும் செலவாகும் மின்சாரத்தால் ஆண்டுதோறும் வெளியாவது 'பயன்பாட்டுக் கரிமம்'. முன்னதை வீட்டுக் கடனின் அசல் என்றும், பின்னதை மாதாமாதம் வரும் செலவு என்றும் வைத்துக்கொண்டால் மனத்தில் எளிதில் நிற்கும்.

கடன் வாங்குவது எப்போது சரி? அதைக்கொண்டு செய்யும் காரியம் கடனைத் தீர்த்துவிட்டு மீதியும் கொடுக்கும்போது. கட்டுமானத்தால் சுற்றுச்சூழலுக்கு நன்மை என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கடனைச் சிறிதாக்கினீர்களா? எதைக்கொண்டு தீர்க்கிறீர்கள்?

கடனைச் சிறிதாக்குவது

முதல் வழி கிளிங்கரைக் குறைப்பது. மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் நுண்சாம்பல் மலைமலையாகச் சேருகிறது. எண்ணூரில் அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்த கதையை அறிவோம். அதே சாம்பல் சிமென்ட்டில் சேர்ந்தால் கெட்டியாகப் பிடிக்கும். கடையில் பி.பி.சி. என்று விற்கும் சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தர விதிகள் இடம் தருகின்றன. அந்த அளவுக்குக் கல்லைச் சுட வேண்டாம். சாம்பலும் ஆற்றங்கரைக்குப் போகாது. சாம்பல் கலந்தது மட்டமான சிமென்ட் என்று சில வீட்டுக்காரர்கள் இன்னும் ஒதுக்குகிறார்கள். அது தவறு. பி.பி.சி. மெதுவாக இறுகும், ஆகவே கூடுதல் நாள் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது வழி பொருளையே குறைப்பது. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவார்கள். வழக்கமான கட்டைவிடக் கால் பங்கு செங்கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலைத் தடுப்பதால் வீட்டுக்குள் சூடும் குறைகிறது. அசலும் குறைகிறது, மாதச் செலவும் குறைகிறது. இன்னொன்றும் உண்டு: இந்தக் கட்டுக்குப் பழகிய கை வேண்டும், பொறுமை வேண்டும். செங்கல்லில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி கொத்தனார் கூலியாக மாறுகிறது. மேலே பார்த்த பெருக்கியை நினைத்தால், இது சூழலுக்கும் ஊர்ப் பொருளாதாரத்துக்கும் ஒரே நேரத்தில் செய்யும் உதவி.

ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்திருப்பதும் நல்ல மாற்றம். பாறையை உடைக்கும் குவாரிக்கும் விலை உண்டு என்பதை மறக்காத வரையில்.

கடனைத் தீர்ப்பது

சென்னை மெட்ரோ 2015 ஜூன் மாதம் கோயம்பேடு, ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. தூண், சுரங்கம், நிலையம் என்று அதில் புதைந்திருக்கும் கான்கிரீட்டும் எஃகும் ஏராளம், பெரிய கடன். பைக்கையும் காரையும் விட்டுவிட்டு ஒருவர் ரயிலில் ஏறும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு துளி அடைகிறது. ஏற்கெனவே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் மெட்ரோவுக்கு மாறினால் அடைவது மிகச் சொற்பம். ஆக, மெட்ரோ சூழலுக்கு நல்லதா என்ற கேள்விக்கு விடை தூணில் இல்லை. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்க நடைபாதை இருக்கிறதா, இணைப்பு பஸ் வருகிறதா என்பதில் இருக்கிறது. நடைபாதை இல்லாத நிலையத்தில் கடன் அப்படியே நிற்கும்.

சின்ன முதலீடு பெரிய கடனைத் தீர்க்கும் இடங்களும் உண்டு. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மொட்டை மாடிக் குழாயைக் கிணற்றுக்கோ மணலும் ஜல்லியும் நிரப்பிய குழிக்கோ திருப்பிவிடும் வேலை அது. எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்? 1000 சதுர அடி மாடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை. இரண்டையும் பெருக்கினால் 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாக வைத்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் எட்டு நடை. சில மூட்டை சிமென்ட்டும், பிளம்பருக்கு ஓரிரு நாள் வேலையும், கொஞ்சம் பி.வி.சி. குழாயும் கொண்டு, ஆண்டுதோறும் எட்டு லாரியின் டீசலும் விலையும் மிச்சம்.

இரண்டாவது பகுதியையும் தொகுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டடமும் கரிமக் கடனோடுதான் பிறக்கிறது. கிளிங்கரையும் பொருளையும் குறைத்தால் கடன் சிறிதாகும். பயன்பாட்டில் மின்சாரமோ டீசலோ தண்ணீரோ மிச்சமானால் கடன் அடையும். மிச்சம் ஆகாவிட்டால் அடையாது. பெயர்ப்பலகையில் பசுமைக் கட்டடம் என்று எழுதுவதால் மட்டும் அடைந்துவிடாது.

இரண்டு கணக்கும் சேருமிடம்

எந்தக் கட்டுமானத்தில் போடும் பணம் ஊருக்குள் அதிகம் சுழலும், அதே நேரத்தில் மிகக் குறைந்த கடனை ஏற்படுத்தும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் விடை, அடிக்கல் விழாவே நடக்காத ஒரு வேலை: பழுதுபார்த்தல்.

புதிதாக ஒரு பள்ளிக் கட்டடம் எழுப்பினால் செலவில் பெரும்பகுதி சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் போகும். ஐம்பது ஆண்டுப் பழைய கட்டடத்தின் ஒழுகும் கூரையில் பழைய தட்டோட்டைப் பெயர்த்து, கசிவை அடைத்து, புதிதாக ஓடு பதித்து, மேலே வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு கொடுத்தால் செலவில் பெரும்பகுதி கூலி. அடித்தளமும் சுவரும் ஏற்கெனவே இருப்பவை. அவற்றின் கடனை அந்தக் காலத்திலேயே பூமி செலுத்திவிட்டது. இடித்துத் தள்ளினால் அந்தப் பழைய கடன் வீணாகிறது, புதுக் கடனும் ஏறுகிறது, போதாக்குறைக்கு இடிபாடுகள் ஏதோ ஒரு ஏரிக்கரையில் கொட்டப்படுகின்றன. வலுவிழந்து ஆபத்தாகிவிட்ட கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும். மற்றவற்றை, பழையது என்பதற்காகவே இடிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பழுதுபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே மழைநீர்க் குழியில் பார்க்கலாம். 2003இல் போட்ட குழிகள் பலவற்றில் மணல் தூர்ந்து, குழாய் உடைந்து, தண்ணீர் நேராகத் தெருவுக்கு ஓடியது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஏரிகள் வறண்டது மழை பொய்த்ததால்தான். ஆனால் பெய்த ஆண்டுகளின் மழை குழிகள் வழியே நிலத்துக்குள் இறங்கியிருந்தால் கிணறுகளாவது கொஞ்சம் தாங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. ஒரு வீட்டுக் குழியிலுள்ள மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்து, அலசி, திரும்ப நிரப்ப இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் வேலை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை போதும்.